நெஞ்சுக்குள் தேங்கிய நீர்

2017 ஆம் ஆண்டு சித்திரைப் புத்தாண்டு நாளில் கொழும்பு மீதொட்டமுல்லையில் குப்பைமலை சரிந்து வீடுகளை மூடியது. முப்பதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அதன்பிறகு நகரத்துக் குப்பையைக் கொட்ட இடமின்றித் தெருவோரங்களில் பைகள் குவிந்து நாறின. மே மாதக் கடைசியில் பருவமழை வெள்ளமாகவே வந்தது. வெள்ளம் வடிந்த பிறகும் தயிர்ச்சட்டி, டயர், பீலி, கட்டிமுடிக்காத மாடிகளின் தளம் என்று எங்கும் தண்ணீர் நின்றது. நுளம்புக்கு வேறென்ன வேண்டும்? ஜூலையில் கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கையில் காய்ச்சல் எட்டிப் பார்க்காத வீடு அரிது.

அந்த ஒரு வருடத்தில் இலங்கையில் டெங்கு என்று பதிவானவர்கள் 186,101 பேர். இறந்தவர்கள் 440 பேர். முதல் எண்ணுக்குள் என் தம்பி இருக்கிறான். இரண்டாவது எண்ணுக்குள் அவனுடைய அடுத்த கட்டில்காரர் இருக்கிறார்.

டெங்கு என்றால் ஊரில் எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி: "பிளேட்லெட் எவ்வளவு?" தம்பிக்குக் காய்ச்சல் காய்ந்த நாட்களில் எங்கள் வீட்டிலும் அதே பேச்சுத்தான். ஒருவர் பப்பாசி இலைச் சாறு கொண்டுவந்தார், இன்னொருவர் செவ்விளநீர்க் குலையையே இறக்கினார். பிறகு காய்ச்சல் விட்டது. அம்மா பிள்ளையார் கோவிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்துவிட்டு வந்தா. அன்று பின்னேரம் தம்பி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டான். எழும்பினால் தலை சுற்றியது. வீட்டுக்கு அருகில் இருந்த ஒரு சிறிய தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அங்கே இரவு முழுக்கச் சேலைன் ஏறியது. எத்தனை போத்தல் ஏறியது, எவ்வளவு சிறுநீர் போனது என்று எவரும் எழுதி வைக்கவில்லை. விடியும்போது அவனால் படுக்க முடியவில்லை. "அண்ணா, மூச்சு முட்டுது, நிமித்தி இருத்து" என்றான்.

அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். அந்த வாட்டை எப்படிச் சொல்வது? ஒரு கட்டிலில் இரண்டு பேர், கட்டிலுக்குக் கீழே பாய், நடைபாதை நெடுக வாங்குகள். நுளம்பு வலை கட்ட ஆணியில்லாமல் சேலைன் கம்பிகளிலேயே முடிச்சுப் போட்டிருந்தார்கள். இத்தனைக்கும் நடுவில் தாதிமார் ஒவ்வொரு மணித்தியாலமும் வந்து நாடி பார்த்து, பிரஷர் பார்த்து, நகத்தை அழுத்தி இரத்தம் எவ்வளவு விரைவில் திரும்புகிறது என்று பார்த்து, கட்டில் தலைமாட்டில் தொங்கிய தாளில் குறித்துக்கொண்டே போனார்கள். ஒரு மிஸ்ஸுக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சிங்களம் அரைகுறை. என் கையில் அளவுகோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் குவளையைத் தந்து, குடிப்பதையும் கழிப்பதையும் அளந்து எழுதச் சொன்னது மட்டும் இருவருக்கும் தெளிவாக விளங்கியது.

ஸ்கேன் பார்த்த இளம் டொக்டர் யாழ்ப்பாணத்துப் பிள்ளை. வலது பக்க நெஞ்சறையில் நீர் தேங்கியிருக்கிறது, வயிற்றுக்குள்ளும் இருக்கிறது, பித்தப்பைச் சுவர் தடித்துவிட்டது என்றார். நாங்கள் சளி என்றும் நியூமோனியா என்றும் நினைத்திருந்தோம். "இது சளி இல்லை, அண்ணை. இவரின்ர இரத்தத்தில இருந்த நீர்தான் வெளியில வந்து நிக்குது" என்று அவர் சொன்னது இன்றைக்கும் காதில் நிற்கிறது.

டெங்கு எல்லாருக்கும் இப்படி ஆவதில்லை. சிலருக்கு, அநேகமாகக் காய்ச்சல் இறங்குகிற நேரத்தில், நுண்ணிய இரத்தக் குழாய்களின் சுவர் புது மண்பானையைப் போலக் கசியத் தொடங்குகிறது. இரத்தத்தின் நீர்ப்பகுதி வெளியேறி நுரையீரலைச் சுற்றியும் வயிற்றுக்குள்ளும் சேர்கிறது. உள்ளே மிஞ்சும் இரத்தம் தடிக்கிறது. பி.சி.வி. என்ற அளவு ஏறுவது அதனால்தான். கசிவு 24 முதல் 48 மணித்தியாலம் நீடித்துத் தானாகவே நிற்கும். அதுவரை ஆளைக் காப்பாற்றுவதுதான் வைத்தியம். ஒரு தடவை டெங்கு வந்தவருக்கு வேறு வகை வைரஸால் மறுபடி வந்தால் இந்தக் கசிவுக்கு வாய்ப்பு அதிகம். அந்த வருடம் அதிகம் பரவியது இரண்டாம் வகை. தம்பிக்குச் சில வருடங்களுக்கு முன்பும் ஒருமுறை வந்திருந்தது.

மாமா டொக்டரின் கையைப் பிடித்துக்கொண்டார். "பிள்ளைக்கு நா வறண்டு போச்சுது டொக்டர், இன்னொரு சேலைன் ஏத்துங்கோ." "ஏத்தினா அது இரத்தத்தில நிக்காது ஐயா, நெஞ்சுக்குள்ளதான் போகும்" என்றார் அவர். 50 கிலோ எடையுள்ள ஒருவருக்குக் கசிகிற அந்த 48 மணித்தியாலத்துக்கும் சேர்த்து, வாயால் குடிப்பது உட்பட, 4,600 மில்லிலீட்டர் என்று ஒரு கணக்கு இருக்கிறதாம். அதையும் ஒரே சீராகக் கொடுப்பதில்லை. சிறுநீரையும் நாடியையும் பார்த்துக் கூட்டிக் குறைக்க வேண்டும். தம்பிக்கு அந்தக் கணக்கில் பெரும்பங்கு முதல் இரவே ஏறிப் போயிருக்க வேண்டும்.

நெஞ்சு நீரை ஊசி போட்டு எடுத்தால் என்ன என்று நான் கேட்டேன். பிளேட்லெட் குறைந்திருக்கும்போது குத்தினால் உள்ளே இரத்தம் பெருகும், அந்த நீர் வந்த வழியே திரும்பிப் போகும் என்றார். அன்றிரவு பிரஷரின் மேல் எண்ணும் கீழ் எண்ணும் நெருங்கி வந்தன. இரண்டுக்கும் இடைவெளி 20க்குள் வந்தபோது தம்பியின் கைகால்கள் சில்லிட்டுவிட்டன. டெக்ஸ்ட்ரான் என்ற பாரமான திரவத்தை ஏற்றினார்கள். அது நீரைக் குழாய்க்குள்ளேயே பிடித்து வைத்திருக்கும். இடைவெளி மெல்ல விரிந்தது.

அடுத்த கட்டில்காரர் முச்சக்கரவண்டி ஓட்டுகிறவர். காய்ச்சல் வந்த நாள் தொடக்கம் உடம்பு உளைவுக்கு வலிமாத்திரை போட்டுக்கொண்டே ஓடியிருக்கிறார், ஒரு நாள் நிறுத்தினால் அன்றைய சோறு இல்லை. கொண்டுவந்தபோதே நாடி பிடிபடவில்லை. டெங்குக் காய்ச்சலுக்குப் பனடோல் தவிர வேறு வலிமாத்திரை கூடாது, இரத்தப்போக்கைக் கூட்டிவிடும் என்பது அந்த வாட்டுச் சுவரில் மூன்று மொழியிலும் ஒட்டியிருந்தது. வாட்டுக்கு வந்தபிறகு வாசிக்கிற இடத்தில் ஒட்டி என்ன பயன்? அவருடைய நுரையீரலின் காற்றறைகளுக்குள்ளேயே நீர் இறங்கிவிட்டது. ஐ.சி.யூ.வுக்கு மாற்றி மெஷினில் போட்டார்கள். சுவாசக் குழாய் வழியே இரத்தம் வந்தது என்று அவருடைய மனைவி என்னிடம் சொன்னா. சொல்லும்போது அவ அழவில்லை. குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு, கராஜுக்கு வண்டி வாடகை கட்ட வேண்டும் என்றா. அடுத்த நாள் அந்தக் கட்டிலில் வேறொருவர் படுத்திருந்தார்.

கசிவு நின்றதும் ஆபத்து முடிந்தது என்று நாங்கள் நினைத்தோம். ஆனால் வெளியே நின்ற நீர் இரத்தத்துக்குத் திரும்பும்போது, முன்பே அளவுக்கு மீறி ஏற்றியிருந்தால், அது நுரையீரலை இரண்டாம் முறை பிடிக்கும். தம்பிக்கு அதுதான் நடந்தது. நாடி நன்றாக இருந்தது, பிரஷர் நன்றாக இருந்தது, மூச்சு மட்டும் பொருபொருவென்று இரைந்தது, இருமல் விடவில்லை. ஓட்சிசன் முகமூடி போட்டு, சேலைனை உடனே நிறுத்தி, சிறுநீர் போக ஊசி போட்டார்கள். விடியும்வரை என் குவளை நிரம்பிக்கொண்டே இருந்தது. காலையில் உடம்பெல்லாம் சிவந்து சொறிவு எடுத்தது. பசிக்கிறது என்றான். டொக்டர் நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டுவிட்டு, முதல் தடவையாகச் சிரித்தார்.

பிளேட்லெட் எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். காய்ச்சல் விட்ட பிறகு வருகிற இரண்டு நாளும் ஆளைத் தனியே விடாதீர்கள். குடிப்பதையும் சிறுநீர் போவதையும் ஒரு தாளில் எழுதுங்கள். சேலைன் ஏற்றச் சொல்லி டொக்டரை நெருக்காதீர்கள், ஏற்றினால் எவ்வளவு என்று கேளுங்கள். வயிறு வலித்தால், வாந்தி நிற்காவிட்டால், கைகால் குளிர்ந்தால், மூச்சு வாங்கிப் படுக்க முடியாமல் எழும்பி உட்கார்ந்தால், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். மணிக்கொரு தடவை பார்த்து எழுதுகிற ஆஸ்பத்திரிக்கு அப்போதே கொண்டு போங்கள்.