பத்து விநாடிக்கு ஒரு மாடு

நியூசிலாந்தில் பால் கறக்கும் இடத்துக்கு ஷெட் என்று பெயர். அதை மாட்டுக்கொட்டில் என்று நினைத்துக்கொண்டால் கணக்குத் தப்பிவிடும். அங்கே மாட்டைக் கட்டுவதில்லை, மாடு படுப்பதுமில்லை. மழையோ பனியோ, புல்வெளியில்தான் அதன் வாசம். விடியுமுன் நான்கு ஐந்து மணிக்கு ஒரு தடவை, பின்னேரம் இரண்டு மூன்று மணிக்கு ஒரு தடவை, கறவைக்காக மட்டும் ஷெட்டுக்கு வந்து போகும். ஒரு மந்தையில் சராசரியாக 440 மாடுகள். அவற்றைக் கறப்பது பெரும்பாலும் இரண்டு பேர், சில பண்ணைகளில் ஒரே ஆள். அந்த ஆள் பிலிப்பைன்ஸிலிருந்தோ இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வந்தவராக இருப்பது வைக்காட்டோவிலும் கேன்டர்பரியிலும் சவுத்லாந்திலும் இன்று சாதாரணம்.

தமிழ் ஊர்களில் கறவை என்றால் கை, செம்பு, கன்று மூன்றும் சேர்ந்தது. கன்று முட்டிச் சப்பினால்தான் மடியில் பால் இறங்கும். கன்று செத்துப்போனால் அதன் தோலுக்குள் வைக்கோலைத் திணித்து மாட்டின் முன்னால் நிறுத்தும் வழக்கமே இருந்தது. காம்பில் தொடுகை பட்டதும் மூளையிலிருந்து ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் சுரந்து, சுமார் ஒரு நிமிடத்தில் பாலைக் கீழே தள்ளுகிறது. சில நிமிடங்களில் அதன் வேகம் அடங்கிவிடும். நாட்டு மாடு அந்தத் தூண்டலுக்குக் கன்றையே நம்பியிருக்கும். நியூசிலாந்தின் ஃப்ரீசியனும் ஜெர்சியும், இரண்டும் கலந்த கிவிகிராஸும் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுக்கப்பட்டு அந்தத் தேவையைக் கடந்துவிட்டன. வெற்றிடப் பம்பு இரையும் சத்தம் கேட்டாலே சுரப்பு விடும். கன்றைப் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் பிரித்துவிடுகிறார்கள். ஊரில் மாடு வளர்த்துவிட்டு வந்தவருக்கு மனம் ஒப்பாத இடம் இதுதான். இயந்திரம் அவருக்கு அவ்வளவு அந்நியமாகப் படுவதில்லை. அதுவும் கன்றைப் பார்த்துக் கற்றுக்கொண்டதுதானே.

காம்பில் மாட்டும் கப் ஒவ்வொன்றும் இரண்டு சுவர் கொண்டது. வெளியே உலோகக் குழல், உள்ளே ரப்பர் உறை. உறைக்குள் எப்போதும் வெற்றிடம் இருக்கும். அதன் அளவு வளிமண்டல அழுத்தத்தின் பாதிக்கும் குறைவு. குழலுக்கும் உறைக்கும் இடையிலுள்ள வெளியில் மட்டும் வெற்றிடமும் காற்றும் மாறி மாறி வரும். அங்கே வெற்றிடம் இருக்கும்போது உறை விரிந்து பால் பாய்கிறது. காற்று புகும்போது உறை சுருங்கி, காம்பைப் பிடித்துவிட்டு இரத்த ஓட்டத்தைச் சீராக்குகிறது. நிமிடத்துக்கு ஏறத்தாழ 60 தடவை இது நடக்கும். தொடர்ச்சியாக உறிஞ்சிய பழைய இயந்திரங்களில் காம்பு வீங்கிப் புண்ணாயிற்று. 1890களில் கிளாஸ்கோவின் அலெக்சாண்டர் ஷீல்ஸ் உறிஞ்சலை விட்டுவிட்டு நிகழச் செய்த பிறகே இயந்திரக் கறவை மாட்டுக்குத் தாங்கக்கூடியதாயிற்று. ரப்பர் உறையைச் சுமார் 2,500 கறவைகளுக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும். மாற்றத் தவறினால் அது காம்பிலும் மடியிலும் தெரியும்.

கறக்கும் விதத்தைவிட, மாட்டை நிறுத்தும் விதத்தில்தான் நியூசிலாந்து தன் புத்தியைக் காட்டியது. அதற்குக் காரணம் ஆள் பற்றாக்குறை. பழைய ஷெட்டில் கறப்பவர் மாட்டுக்கு மாடு நடந்து, குனிந்து நிமிர வேண்டும். 1952இல் வைக்காட்டோவின் கோர்டன்டனைச் சேர்ந்த ரான் ஷார்ப் என்ற பண்ணைக்காரர், நடுவில் ஒரு பள்ளம் வெட்டி, இரு பக்கமும் மாடுகளைச் சரிவாக அணிவகுத்து நிறுத்தினார். மீன்முள் போன்ற வரிசை என்பதால் ஹெரிங்போன் என்று பெயர். மடி கறப்பவரின் கைக்கு நேரே வந்தது, முதுகு தப்பியது. 1969இல் தரனாகி மாவட்டத்து மெர்வ் ஹிக்ஸ் இன்னொரு படி போய், மாடுகள் ஏறி நிற்கும் சுழலும் மேடையைக் கட்டினார். ரோட்டரி எனப்படும் இதில் கறப்பவர் நின்ற இடத்திலேயே நிற்கிறார், மாடு அவரிடம் வருகிறது. 60 இடங்கள் கொண்ட மேடை பத்து நிமிடத்தில் ஒரு சுற்று வந்தால், பத்து விநாடிக்கு ஒரு மாடு. நான்கு காம்பு, நான்கு கப். 500 மாடுகளை ஒன்றரை மணிநேரத்துக்குள் கறந்துவிடலாம். மணிக்கட்டும் தோளும் மட்டும் அதே அசைவை 500 தடவை செய்திருக்கும்.

ஷெட்டின் சொற்களையும் புதியவர் கற்றாக வேண்டும். புல்வெளியிலிருந்து ஷெட்டுக்கு வரும் பாதையின் பெயர் ரேஸ். பெயர்தான் பந்தயம். அங்கே மாட்டைத் துரத்துவது பெருங்குற்றம். நெருக்கி ஓட்டினால் குளம்பு கல்லில் பட்டு நொண்டும்.

எதற்கும் மேலாகப் பயப்பட வேண்டியது ஒன்று உண்டு: மருந்து ஏற்றிய மாட்டின் பால் தொட்டிக்குள் போய்விடுவது. மடிநோய்க்கு நுண்ணுயிர்க்கொல்லி போட்ட மாட்டின் காலில் வண்ணப் பட்டி கட்டி, சுவரிலுள்ள பலகையில் எண்ணை எழுதிவைப்பார்கள். பால் எடுக்க வரும் டாங்கர் ஒவ்வொரு தடவையும் மாதிரி எடுத்துப் போகும். விடியுமுன் இருட்டில் தூக்கக் கலக்கத்தோடு ஒரே ஒரு கப்பைத் தவறாக மாட்டினால் அன்றைய பால் முழுவதும் வீண், தண்டமும் வேறு. புதிய மேடைகளில் காதுப்பட்டியைப் படிக்கும் கருவி அந்த மாடு ஏறியதுமே எச்சரிக்கிறது. புதியவரின் நித்திரையைக் காப்பாற்றியது இந்தக் கருவி என்று சொன்னால் மிகையில்லை. மடிநோயைக் கண்டுபிடிக்கவும் உணர்கருவி உண்டு. நோய்ப்பட்ட மடியில் உப்புகள் பாலுக்குள் கசிவதால் பாலின் மின்கடத்தும் திறன் கூடும். கருவி அதைக் குழாயிலேயே அளந்து விளக்கை எரியவிடும். விளக்கு எரிந்த பிறகு கையால் பீய்ச்சி, பால் திரிந்திருக்கிறதா என்று பார்ப்பவர்தான் முடிவு சொல்ல வேண்டும்.

மாட்டின் கழுத்தில் மாட்டும் மின்னணுப் பட்டி வேறொரு வேலைக்கு வந்தது. நியூசிலாந்துப் பண்ணை புல்லை நம்பியது. வசந்தப் புல் எழுவதற்கு ஏற்ப ஜூலை, ஆகஸ்டில் மந்தை முழுவதும் கன்று ஈன வேண்டும். சினைக்காலம் சுமார் 282 நாள் என்பதால், அக்டோபர், நவம்பரில் ஒரு மாடு பருவத்துக்கு வருவதைத் தவறவிட்டால் 21 நாள் பின்தங்கிவிடும். முன்பெல்லாம் வாலடியில் சாயம் பூசி, மற்ற மாடுகள் மேலேறி அது அழிந்திருக்கிறதா என்று கறவையின்போது கண் வைத்துப் பார்த்தார்கள். பலர் இன்றும் அப்படித்தான் பார்க்கிறார்கள். கழுத்துப்பட்டியிலுள்ள அசைவுமானி மாட்டின் நடையையும் அசைபோடும் நேரத்தையும் இடைவிடாமல் கணக்கிடுகிறது. நலமான மாடு நாளில் ஏழெட்டு மணிநேரம் அசைபோடும். நடை கூடி அசை குறைந்தால் பருவம்; இரண்டும் சேர்ந்து குறைந்தால் நோய். மாட்டின் முகம் பார்த்துச் சொல்லும் பழைய அறிவை இந்தக் கணக்கு பொய்யாக்கவில்லை. 440 முகங்களை ஒருவர் பார்க்க முடியாது என்பதுதான் சிக்கல்.

வைக்காட்டோ பண்ணையில் வளர்ந்து ராக்கெட் நிறுவனத்தில் வேலை பார்த்த கிரேக் பிகாட் 2016இல் தொடங்கிய ஹால்டர், கழுத்துப்பட்டியை மேய்ப்பனாகவே ஆக்கிவிட்டது. சூரிய ஒளியில் இயங்கும் பட்டி, ஒலியாலும் அதிர்வாலும் மாட்டை இடம் வலம் திருப்புகிறது. கேளாத மாட்டுக்கு மெல்லிய மின்துடிப்பு. வேலி கைபேசித் திரையில் மட்டும் இருக்கிறது. குறித்த நேரத்தில் மந்தை தானே எழுந்து ஷெட்டுக்கு நடக்கும். இருட்டில் மோட்டார் சைக்கிளில் போய் ஓட்டிவர ஆள் வேண்டாம். கப் மாட்ட மட்டும் ஆள் வேண்டும். நெதர்லாந்தில் 1992இல் வந்த கறவை ரோபோ அதையும் செய்யும். ஆனால் கிலோமீட்டர் கணக்கில் பரந்த புல்வெளியில், பெரிய மந்தைகளில், அது செலவுக்குக் கட்டுப்படவில்லை. 2001இல் நியூசிலாந்தின் ஹேமில்டனில் ஆய்வு தொடங்கியும் ரோபோ பண்ணைகள் இன்றும் மிகச் சிலவே. ஆள் குறைவால் பிறந்த ஒவ்வொரு கருவியும் மந்தையைப் பெரிதாக்கியது; பெரிய மந்தைக்கு மறுபடி ஆள் தேடப்பட்டது. வெளிநாட்டவருக்கு இடம் கிடைத்தது அந்த இடைவெளியில்தான்.

இலங்கையில், வன்னியிலும் மட்டக்களப்பிலும் பட்டி மாட்டுக்குக் குறி சுடுவார்கள். எந்தக் குடும்பத்து மாடு என்று அந்த எழுத்து சொல்லும். நியூசிலாந்தில் 2012 ஜூலை முதல் ஒவ்வொரு மாட்டின் காதிலும் மின்னணுப் பட்டி கட்டாயம். 2017இல் மைக்கோபிளாஸ்மா போவிஸ் என்ற மாட்டு நோய் கண்டபோது, எந்த மாடு எங்கே போனது என்று பதியப்படாத இடமாற்றங்கள் பெருந்தலைவலியாயின. அதன்பின் பதிவு விதியை இறுக்கிப்பிடித்தார்கள். ஜூன் 1 அன்று, பால் வருமானத்தில் பங்குக்கு உழைக்கும் பங்குக் கறவைக்காரர்களும் பண்ணையாட்களும் மந்தையோடும் சாமானோடும் புதிய பண்ணைக்குக் குடிபெயர்வது இந்நாட்டு வழக்கம். மாடுகளின் இடமாற்றத்தை 48 மணிநேரத்துக்குள் இணையத்தில் பதிந்தால் போதும். பணி விசாவில் இருக்கும் ஆள் முதலாளி மாறுவதென்றால் விண்ணப்பம் போட்டு அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டும்.