யுரேகாவும் அவள் மகனும்

2005-இல் போன்ஸ் ஸ்டுடியோ எடுத்த ‘யுரேகா செவன்’ தொடரில் ராட்சத எந்திரங்கள், ராணுவம், உயிருள்ள பவளம் எல்லாம் உண்டு. ஆனாலும் கதை ஒன்றுதான்: தாத்தாவின் பட்டறையில் சலித்துக் கிடக்கும் ரெண்டன் என்ற 14 வயதுப் பையனுக்கு யுரேகா என்ற பெண்ணைப் பிடித்துப்போகிறது. அவ்வளவே. அவள் இருக்கும் கப்பலில் சேர்ந்தவன், மனமுடைந்து அதைவிட்டு ஓடுகிறான். சார்ல்ஸ், ரே தம்பதி அவனைச் சொந்த மகனைப் போலப் பார்த்துக்கொள்கிறார்கள். பிறகு திரும்பி வருகிறான். 50 பகுதிகளில் இதற்கெல்லாம் இடம் இருந்தது. அந்தத் தம்பதிக்கு நேர்ந்ததை இன்றும் என்னால் கலங்காமல் பார்க்க முடியாது.

இதன் தொடர்ச்சியாக 2012-இல் வந்த ‘யுரேகா செவன் ஏஓ’வையும் முதல் தொடரை இயக்கிய தொமோகி கியோதாதான் இயக்கினார். தொடக்கம் அருமை. ஒகினாவா பக்கம் ஒரு தீவு, ஊர் ஒதுக்கிவைக்கும் ஆவோ, காணாமல்போன அவன் அம்மா யுரேகா. அம்மாவைத் தேடும் மகன் போதாதா? போதாது என்று நினைத்துவிட்டார்கள். இணை உலகங்கள் வந்தன. சுட்டால் வரலாற்றையே மாற்றும் துப்பாக்கி வந்தது. நேற்று நடந்தது நடக்கவே இல்லை என்றாகிவிட்டால், நான் யாருக்காக அழுவது? இத்தனையும் வெறும் 24 பகுதிகளில். அந்தத் தீவிலேயே இன்னும் கொஞ்சநாள் அவனை விட்டிருக்கலாம்.