ஒரு வீடு, நாலு தெரு

குருசுக்குப்பத்தில் என் கல்லூரி நண்பர் ஒருவர் ஆடிட்டராக இருக்கிறார். கடலுக்குப் பக்கத்துத் தெருவில் பழைய மாடி வீடு. கீழே ஆபீஸ். மேலே இரண்டு ரூம். சனி, ஞாயிறு பாண்டிச்சேரி பார்க்க வரும் சென்னை, பெங்களூரு கூட்டத்துக்கு அந்த ரூம்களை வாடகைக்கு விடுகிறார். ஆடிட்டர் அல்லவா, சும்மா கிடக்கும் ரூம் கண்ணை உறுத்துமே!

போன வருடம் ஒரு சனிக்கிழமை. கீழே ஓர் இரும்பு வியாபாரி கிளையன்ட்டாக வந்திருந்தார். சுவரில் இருந்த பெரிய டி.வி.யில் ஜி.எஸ்.டி. கணக்கைப் போட்டு நண்பர் விளக்கிக்கொண்டிருந்தார். நான் ஓரமாக உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று கணக்கு மறைந்தது. ஃபுல் சவுண்டில் குத்துப்பாட்டு! மாடியில் தங்கியிருந்த பையன் தன் ரூம் டி.வி. என்று நினைத்து, போனிலிருந்து பாட்டைக் கீழே அனுப்பிவிட்டான்.

இறங்கி வந்து மன்னிப்புக் கேட்டான். நல்ல பையன். போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னான். "அங்கிள், டி.வி. மட்டும் இல்ல. உங்க பிரின்டர், கேமரா, 'டேலி டேட்டா'ன்னு ஒரு ஃபோல்டர், எல்லாமே என் லேப்டாப்ல தெரியுது. பாஸ்வேர்டு கூட கேக்கல. நான் எதையும் திறக்கல."

இரும்பு வியாபாரி காபி டம்ளரைக் கீழே வைத்தார். "சார், என் கணக்கும் அதுக்குள்ளதான இருக்கு?"

அந்தக் கேள்விக்கு நண்பரிடம் பதில் இல்லை. அந்த ஃபோல்டரில் பல பேருடைய வரவு செலவு, பான் நம்பர், பேங்க் ஸ்டேட்மென்ட். மனைவியிடம்கூடச் சொல்லாத கணக்கை ஆடிட்டரிடம் சொல்கிறோம். அது, கடற்கரைக்குப் போகும் வழியில் யாரோ எட்டிப் பார்க்கிற மாதிரி கிடந்திருக்கிறது.

நண்பர் அன்றைக்கே வைஃபை பாஸ்வேர்டை மாற்றினார். அடுத்த வாரம் மாடிக்கு வந்தவர்கள் "பாஸ்வேர்டு என்ன சார்?" என்று கேட்டார்கள். சொல்லிவிட்டார். வாசல் பூட்டை மாற்றி, புதுச் சாவியையும் கையில் கொடுத்த கதை.

இதில் கோளாறு பூட்டில் இல்லை. தெருவில். ஒரு ரவுட்டரை வாங்கி மாட்டினால் அது வீட்டில் இருக்கும் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு கதவிலக்கம் கொடுக்கிறது. 192.168.1.5, 192.168.1.6 என்கிற மாதிரி. உலகத்தில் லட்சக்கணக்கான வீடுகளில் இதே நம்பர்கள்தான். குழப்பம் வராதா? வராது. எல்லா ஊர் காந்தி வீதியிலும் 12ஆம் நம்பர் வீடு இருக்கிறதே, அது மாதிரி. மொத்த இன்டர்நெட் முகவரிகளே சுமார் 430 கோடிதான், போதாது என்பதால் உள்ளுக்குள் யார் வேண்டுமானாலும் உபயோகித்துக்கொள்ளட்டும் என்று சில வரிசைகளை ஒதுக்கி, 1996இல் விதியாகவே எழுதினார்கள். 192.168 என்று தொடங்குவது அதில் ஒன்று.

முதல் மூன்று பகுதி ஒன்றாக இருந்தால், சாதாரணமாக அது ஒரே தெரு. டெக்னிக்கலாக, சப்நெட். ஒரே தெருக்காரர்கள் ஒருவரோடு ஒருவர் நேராகப் பேசிக்கொள்வார்கள். ரவுட்டரிடம் அனுமதி கேட்கவே மாட்டார்கள். பிரின்டர், டி.வி. போன்றவை அவ்வப்போது "நான் இங்கே இருக்கேன்" என்று தெரு முழுக்கக் கூவவும் செய்யும். மாடிப் பையனின் லேப்டாப்பில் ஆபீஸே தெரிந்த ரகசியம் இவ்வளவுதான்.

லாஸ்பேட்டையிலிருந்து ஒரு தம்பி வந்தார். நெட்வொர்க் வேலைதான் அவருக்குத் தொழில். வந்ததும் கம்ப்யூட்டரைத் தொடவில்லை. ஒரு வெள்ளைத்தாள் கேட்டார்.

"சார், இந்த வீட்டுல நெட்டுல எத்தினி அயிட்டம் இருக்கு?"

"ஒரு பத்து இருக்கும் தம்பி."

எண்ணினார்கள். கம்ப்யூட்டர் ஏழு, பேக்கப் பெட்டி ஒன்று, பிரின்டர் இரண்டு. நண்பரின் பத்து அங்கேயே முடிந்துவிட்டது. அப்புறம் கேமரா நாலு, அதை ரெக்கார்ட் பண்ணும் பெட்டி, விரல் வைக்கிற அட்டெண்டன்ஸ் மெஷின், ஆபீஸ் டி.வி., மாடியில் இரண்டு டி.வி., ஊழியர்கள் போன் எட்டு. மொத்தம் 27. மாடி விருந்தினர்களின் போன்கள் தனி.

தம்பி அந்தத் தாளில் நாலு கட்டம் போட்டார். ஆபீஸ் கம்ப்யூட்டர், பேக்கப், பிரின்டர் ஒரு தெரு: 192.168.10. கேமராவும் அட்டெண்டன்ஸும் இன்னொன்று: 192.168.20. போன்களும் ஆபீஸ் டி.வி.யும் 30. மாடி 40. இனி கணக்கை டி.வி.யில் காட்ட வேண்டுமானால் கேபிள் மாட்டிக்கொள்ள வேண்டியது.

"அவ்ளோதானா? நம்பரை மாத்தினா முடிஞ்சுதா?" என்றேன்.

அவர் சிரித்தார். நம்பரை மட்டும் மாற்றுவது, நடுவில் சுவர் கட்டாமல் வீட்டுக்கு இரண்டு கதவிலக்கம் எழுதி வைப்பது மாதிரியாம். விவரம் தெரிந்தவன் தன் லேப்டாப் நம்பரை ஒரே நிமிஷத்தில் மாற்றிக்கொண்டு ஆபீஸ் தெருக்காரன் ஆகிவிடலாம். சுவருக்குப் பெயர்தான் வி-லேன். அதற்கு விவரம் உள்ள ஸ்விட்ச் ஒன்று வேண்டும். எட்டு கேபிள் குத்துகிற சின்னப் பெட்டி, சுமார் மூவாயிரம் ரூபாய்.

அந்த ஸ்விட்ச் என்ன செய்கிறது? தன்னுள் நுழையும் ஒவ்வொரு தகவல் பொட்டலத்துக்கும் 'இது பத்தாம் தெரு', 'இது நாற்பதாம் தெரு' என்று லேபிள் ஒட்டுகிறது. ஒரு தெருவின் பொட்டலத்தை இன்னொரு தெருவின் வாசலில் போடவே போடாது. ரவுட்டருக்கும் ஸ்விட்சுக்கும் நடுவில் ஒரே கேபிள்தான். நாலு தெரு சரக்கும் லேபிளோடு அதிலேயே போகும். கம்ப்யூட்டரிடம் கொடுக்கும்போது லேபிளைக் கிழித்துவிடும். கூரையில் இருந்த வைஃபை பெட்டியும் அதே மாதிரி: ஒரே பெட்டி, மூன்று பெயர்கள், ஒவ்வொன்றும் ஒரு தெருவுக்கு. இந்த லேபிள் முறைக்கு உலகப் பொது விதி வந்தது 1998இல். ஒரு நெட்வொர்க்கில் 4094 தெரு வரைக்கும் பிரிக்கலாமாம். நம் நண்பருக்கு நாலு போதும்.

இத்தோடும் முடியவில்லை. இதுதான் நிறையப் பேர் கோட்டை விடுகிற இடம். சுவர் கட்டியாயிற்று, ஆனால் எல்லாத் தெருவும் ரவுட்டரில் சந்திக்கின்றன. பல ரவுட்டர்கள், சும்மா விட்டால், ஒரு தெருவிலிருந்து இன்னொரு தெருவுக்குச் சமத்தாக வழி காட்டி அனுப்பிவிடும். அதன் வேலையே அதுதானே! ஆகவே அங்கே சட்டம் எழுத வேண்டும். மாடிக்கு இன்டர்நெட் மட்டும். போன்களுக்கும் அப்படியே. கேமராவுக்கு இன்டர்நெட்டும் கிடையாது. ஆபீஸ், கேமராவைப் பார்க்கலாம். கேமரா, கேட்டதற்குப் பதில் சொல்லலாம், தானாக ஆபீஸ் கதவைத் தட்டக் கூடாது.

வேலை நடக்கும்போது ஸ்விட்சின் கடைசி ஓட்டையை மட்டும் தம்பி தொடவே இல்லை. ஏன் என்று கேட்டேன். "நான் குத்தியிருக்கிற போர்ட்டையே மாத்திட்டா, நானே வெளிய நிப்பேன் சார்." உட்கார்ந்த கிளையை வெட்டாமல் இருப்பதற்கு ஒரு கிளையைத் தனியாக விட்டு வைப்பது. உப்புக் காற்றில் பச்சை பிடித்திருந்த இரண்டு கேபிள் முனைகளையும் அப்படியே வெட்டிப் போட்டுப் புதிது அடித்தார்.

சாயந்திரம் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்ச் சோதித்தோம். ஃபோல்டர் தெரியவில்லை. பிரின்டர் தெரியவில்லை. ஆனால் ரவுட்டரின் சொந்தப் பக்கம், அந்த அட்மின் பாஸ்வேர்டு கேட்கிற பக்கம், ஜம்மென்று திறந்தது! ரவுட்டருக்கு ஒவ்வொரு தெருவிலும் ஒரு வாசல் உண்டு அல்லவா? மாடி வாசல் வழியாக அதற்குள் நுழைந்தால் எல்லாச் சட்டத்தையும் அழித்துவிடலாம். அதற்கும் ஒரு சட்டம் எழுதிய பிறகுதான் தம்பி டீ குடித்தார்.

நான் படித்தது பி.காம். எனக்கு இதெல்லாம் புதிதாகவே தெரியவில்லை. ஆடிட்டிங் பாடத்தில் 'இன்டெர்னல் செக்' என்று ஒன்று உண்டு. கல்லாவில் பணம் வாங்குகிற ஆளே பேரேடும் எழுதக் கூடாது. கேஷியர் திருடன் என்று அர்த்தமில்லை. யாராவது ஒருவர் தவறினால் மொத்தமும் போகக் கூடாது, அவ்வளவுதான்.

நம் நாட்டிலேயே இதற்கு இரண்டு உதாரணங்கள் உண்டு.

2019 அக்டோபரில், கூடங்குளம் அணுமின் நிலையத்தில் கம்ப்யூட்டர் வைரஸ் என்று செய்தி கிளம்பியது. உலையின் கட்டுப்பாட்டு அமைப்பில் சைபர் தாக்குதல் சாத்தியமே இல்லை என்று முதலில் மறுப்பு வந்தது. மறுநாள், அக்டோபர் 30 அன்று, இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது: வைரஸ் வந்தது உண்மை, ஆனால் அது இன்டர்நெட்டோடு இணைந்த நிர்வாக நெட்வொர்க்கில் இருந்த ஒரு கம்ப்யூட்டரில், முக்கியமான உள் நெட்வொர்க் அதிலிருந்து தனியாகப் பிரிக்கப்பட்டது. அணு உலையில் வெறும் லேபிளை நம்புவதில்லை. தனி நெட்வொர்க்கே வைக்கிறார்கள். தத்துவம் ஒன்றுதான். வாசலில் திருடன் வந்துவிட்டான். உள் சுவர் நின்றது.

2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் முடங்கின. பல நாட்கள் நோயாளிகளின் பதிவெல்லாம் பேனா, பேப்பரில் நடந்தது. ஐந்து சர்வர்கள், சுமார் 1.3 டெராபைட் தகவலைப் பூட்டிவிட்டார்கள். நாடாளுமன்றத்தில் அரசு சொன்ன காரணத்தைக் கவனியுங்கள்: நெட்வொர்க்கைச் சரியாகப் பகுதி பிரிக்காததால்.

அணு உலையும் எய்ம்ஸும் பெரிய இடம், நமக்கென்ன என்று நினைக்காதீர்கள். 2023இல் நிறைவேறிய தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தில், நியாயமான பாதுகாப்பு ஏற்பாடு செய்யாமல் தகவலைக் கசிய விட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்று இருக்கிறது. நண்பர் இதைக் கேட்டுவிட்டு, "அந்த ரூமையே வித்தாலும் வராதே" என்றார்.

எல்லாம் முடிந்த பிறகுதான் உண்மையான சண்டை வந்தது. தம்பி, நண்பரின் போனையும் 30ஆம் தெருவில் போட்டிருந்தார்.

"தம்பி, நான் ஓனர்ப்பா. எனக்கு ஆபீஸ் தெரு வேணும்."

"சார், அந்த போன்ல உங்க பேரன் இன்னா கேம் இறக்குறான்னு உங்களுக்குத் தெரியுமா?"

நண்பர் என்னைப் பார்த்தார். "டேய், நீயே சொல்லேன்." நான் எதுவும் சொல்லவில்லை. பி.காம். இரண்டு பேரும் ஒரே பெஞ்சில்தான் படித்தோம். பத்து நிமிஷம் பொறுத்து அவரே, "சரி, இருக்கட்டும்" என்றார்.

பாண்டிச்சேரிக்காரர்களுக்குப் பிரிவினை புதிதில்லை. அம்பூர் சாலைக்கும் செஞ்சி சாலைக்கும் நடுவில் ஓடும் பெரிய வாய்க்கால், ஒரு காலத்தில் ஊரை வெள்ளை நகரம், கறுப்பு நகரம் என்று இரண்டாகப் பிரித்தது. தமிழர் பகுதிக்குள்ளும் வைசியாள் வீதி, கோமுட்டி வீதி என்று ஜாதிக்கு ஒரு தெரு. அங்கே உன் பிறப்பு என்ன என்று கேட்டுச் சுவர் வைத்தார்கள். அந்தச் சுவரைக் கட்டியவன் எப்போதும் அதற்கு மேலே நின்றான். நல்ல சுவருக்கு அடையாளம், அது உன் வேலை என்ன என்று மட்டும் கேட்கும். முதலாளி போனாக இருந்தாலும் கேட்கும். எனக்கு இந்தச் சுவரைப் பிடித்துப்போனது அதனால்தான்.

இரும்பு வியாபாரி அடுத்த மாதம் வந்து, "என் கணக்கு இப்ப எங்க இருக்கு?" என்று கேட்டபோது, நண்பர் அந்த வெள்ளைத்தாளை எடுத்துக் காட்டினார். அவருக்கு வி-லேன் புரிந்ததா, தெரியாது. தாள் புரிந்தது.

சுவர் எல்லாவற்றையும் காப்பாற்றாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆபீஸ் தெருவுக்குள்ளேயே யாராவது கண்ட மெயிலைத் திறந்தால், அந்தத் தெரு மொத்தமும் மாட்டும். ஆகவே பேக்கப்பில் ஒரு பிரதியைக் கேபிளே இல்லாமல் பீரோவில் வையுங்கள். ஃபோல்டருக்குப் பாஸ்வேர்டு போடுங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஸ்விட்ச் எல்லாம் வேண்டாம். இப்போது வரும் பல ரவுட்டர்களில் 'கெஸ்ட்' என்று தனி வைஃபை உண்டு. விருந்தாளி போன், டி.வி., கேமரா மூன்றையும் அங்கே தள்ளுங்கள். ஆபீஸ் வைத்திருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை ஒரு வெள்ளைத்தாள் எடுத்து மூன்று பத்தி போடுங்கள். என்ன பொருள், அது யாரோடு பேச வேண்டும், யாரோடு பேசக் கூடாது. மூன்றாவது பத்தியில் எழுத ஒன்றுமே தோன்றவில்லை என்றால், திங்கட்கிழமை காலை முதல் வேலையாக லாஸ்பேட்டை தம்பி மாதிரி ஒருவரைக் கூப்பிடுங்கள்.