‘அறியேன்’ என்பதும் ஓர் அறிவே!

 

வானங்களையும் பூமியையும் பற்றிச் சிந்திக்குமாறு திருமறை நம்மை மீண்டும் மீண்டும் அழைக்கின்றது. வானை ஆய்ந்த முஸ்லிம் அறிஞர்களுள் ஒருவர் பாரசீகத்தைச் சேர்ந்த அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி. கி.பி. 964ஆம் ஆண்டளவில் எழுதிய தமது விண்மீன் நூலில், வானின் ஓரிடத்தில் சிறு மேகம் போன்ற ஒன்று தென்படுவதை அவர் குறித்து வைத்தார். தொலைநோக்கி தோன்றுவதற்கு அறுநூறு ஆண்டுகளுக்கும் முன்னர், வெறுங்கண்ணால் கண்ட காட்சி அது! அது மேகமன்று, ஏறத்தாழ 25 இலட்சம் ஒளியாண்டுத் தொலைவிலுள்ள ஆண்ட்ரோமீடா என்னும் மாபெரும் நட்சத்திர மண்டலம் என்பது 1920களில்தான் தெளிவாயிற்று.

அதே ஆண்ட்ரோமீடா பின்னர் வேறொரு வியப்பையும் தந்தது. நம் சூரியனைச் சுற்றும் கோள்களுள், அருகிலுள்ள புதன் நொடிக்கு ஏறத்தாழ 47 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகின்றது. தொலைவிலுள்ள நெப்டியூனோ ஏறத்தாழ 5 கிலோமீட்டர்தான். தூரம் கூடினால் ஈர்ப்பு குறையும், வேகமும் குறையும். ஆண்ட்ரோமீடாவின் ஓரப் பகுதிகளிலும் இவ்வாறே வேகம் குறையும் என எதிர்பார்த்தனர். அமெரிக்க வானியலாளர் வேரா ரூபின் அம்மையாரும் கென்ட் ஃபோர்டும் அளந்து 1970இல் வெளியிட்ட முடிவு வேறாக இருந்தது. ஓரத்திலும் வேகம் அவ்வாறு குறையவில்லை!

கயிற்றில் கல்லைக் கட்டிச் சுழற்றிப் பாருங்கள். கயிறு வலுவற்றதாயின் கல் தெறித்து ஓடிவிடும். அவ்வளவு வேகத்தில் சுழன்றும் அந்த விண்மீன்கள் சிதறவில்லையெனில், கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று அவற்றை ஈர்த்துப் பிடித்திருக்க வேண்டும். 1933ஆம் ஆண்டிலேயே ஃபிரிட்ஸ் ஸ்விக்கி என்பார், ‘கோமா’ எனப்படும் மண்டலத் தொகுதியை ஆய்ந்து இத்தகைய முடிவுக்கு வந்திருந்தார். ஒளியை உமிழாத, ஒளியை மறைக்கவும் செய்யாத, ஈர்ப்பினால் மட்டுமே தன் இருப்பை உணர்த்தும் இதற்கு ‘இருண்ட பொருள்’ என்று பெயர்.

வியப்பு இத்துடன் முடியவில்லை. மேலே எறிந்த பந்தின் வேகம் குறைவது போல, விரிந்து செல்லும் பிரபஞ்சத்தின் வேகமும் காலப்போக்கில் குறையும் என்றே கருதி வந்தனர். தொலைதூர விண்மீன்களின் வெடிப்பை ஆராய்ந்த இரு குழுவினர், விரிவின் வேகம் கூடிக்கொண்டே செல்வதாக 1998இல் அறிவித்தனர். அதற்காக 2011இல் நோபல் பரிசும் வழங்கப்பட்டது. இவ்வாறு விரைவூட்டும் காரணத்திற்கு ‘இருண்ட ஆற்றல்’ எனப் பெயரிடப்பட்டது.

ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் ‘பிளாங்க்’ செயற்கைக்கோள் தந்த கணக்கைக் கேளுங்கள். பிரபஞ்சத்தின் மொத்த இருப்பை நூறு ரூபாய் எனக் கொண்டால், நாமும் மண்ணும் கடலும் சூரியனும் எல்லா விண்மீன்களும் சேர்ந்து ஏறத்தாழ 5 ரூபாய்தான்! இருண்ட பொருள் 27 ரூபாய். இருண்ட ஆற்றல் 68 ரூபாய். இவ்விரண்டும் இன்னதென்று இன்றுவரை எவரும் அறியார்.

மதரஸாவில் ஓத வரும் நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இதையெல்லாம் கேள்விப்படுகின்றனர். “ஹஜ்ரத், இருண்ட பொருள் என்பது ஜின்களா?” என்று ஒரு மாணவர் என்னிடம் கேட்டார். நல்ல கேள்விதான். ஆயினும், இருண்ட பொருளின் எடையை மனிதன் கணக்கிடுகின்றான். அது எங்கெங்கே திரண்டுள்ளது என வரைபடமும் வரைகின்றான். இன்னும் அறியப்படாதது வேறு. மறைவானது எனும் ‘கைப்’ வேறு. முன்னது ஆய்வினால் நாளை விளங்கக்கூடும். பின்னதை இறைவன் அறிவித்தாலன்றி நாம் அறியோம். இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளலாகாது என்றே அவருக்கு விளக்கினேன்.

நம்மில் சிலர், ஆர்வ மிகுதியால், “இதெல்லாம் நம் வேதத்தில் முன்னரே சொல்லப்பட்டதுதான்” என்று மேடைகளில் முழங்கிவிடுகின்றனர். எண்ணம் நல்லதே, விளைவைச் சிந்தித்தோமா? அமெரிக்காவின் அரிசோனாவில் நடைபெறும் ‘டெசி’ ஆய்வு 2024, 2025ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட முடிவுகள், இருண்ட ஆற்றல் காலப்போக்கில் வலுக்குன்றி வரக்கூடும் எனக் காட்டின. அது இன்னும் உறுதியாகவில்லை. நாளை உறுதியானால் இன்றைய கணக்கு மாறும். மாறும் கணக்கோடு மாறாத மறையை முடிச்சுப் போட்டுவிட்டால், கணக்கு மாறும் நாளில் தடுமாறப்போவது யார்? நம் சொல்லை நம்பிய இளம் உள்ளங்களல்லவா?

மதீனாவின் பேரறிஞர் இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடம் நாற்பத்தெட்டுக் கேள்விகள் கேட்கப்பட்டபோது, முப்பத்திரண்டுக்கு ‘அறியேன்’ என விடையளித்ததாக அறிவிக்கப்பட்டுள்ளது. அதனால் அவர்தம் மதிப்பு குறைந்ததா? இல்லை, அவர் ‘அறிவேன்’ என்று சொன்னவற்றின் மீது மக்களுக்கு நம்பிக்கை பெருகியது.

பெற்றோர்களே! உங்கள் பிள்ளை வானத்தைக் காட்டிக் கேள்வி கேட்டால் அதட்டி அடக்காதீர்கள். தெரியாததைத் தெரிந்ததாகவும் சொல்லாதீர்கள். “அல்லாஹு அஃலம், நீ நன்றாகப் படித்து எங்களுக்கும் சொல்” என்று தட்டிக் கொடுங்கள். அஸ்ஸூஃபி கண்ட சிறு மேகத்தின் பொருள் விளங்க ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் ஆயின. எஞ்சிய தொண்ணூற்றைந்து ரூபாயின் கணக்கை எழுதப்போகும் கை நம் வீட்டுப் பிள்ளையின் கையாகவும் இருக்கலாமே!

வல்ல நாயன் நமக்குப் பயனுள்ள கல்வியையும், அறியாததை ‘அறியேன்’ எனச் சொல்லும் பணிவையும் தந்தருள்வானாக! ஆமீன்.