மெருகின் விலை

என் தந்தையார் ஈப்போவில் பொற்கொல்லராக இருந்தவர். பழைய நகையைக் கொண்டுவந்து, "புதிதுபோல் ஆக்கிக் கொடுங்கள்" என்று எவரேனும் கேட்டால் உடனே இசைய மாட்டார். "மெருகு என்பது புதிதாக எதையும் சேர்ப்பதன்று, உள்ளதைத் தேய்ப்பது" என்பார். பட்டறைத் தூசியைக்கூடக் கூட்டிச் சேர்த்துவைத்த மனிதர் அவர். அவருடைய உருப்பெருக்கிக் கண்ணாடி இன்றும் என்னிடம் உள்ளது. அதைக் கொண்டு ஒரு துப்பாக்கியை ஆராய நேரும் என நான் கனவிலும் கருதியதில்லை.

2019-ஆம் ஆண்டுக் கோடையில், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் வாழும் என் தமக்கையார் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். அத்தான் ஓய்வுபெற்ற பொறியாளர். போர்க்காலக் கைத்துப்பாக்கிகளைச் சேகரிப்பவர். 1971-ஆம் ஆண்டுச் சுடுகலன் சட்டத்தின் நிழலில் வளர்ந்த மலேசியர்களாகிய நாம், போலீஸ்காரர் இடுப்பில் தொங்கும் துப்பாக்கியைத் தொலைவில் நின்று பார்த்ததோடு சரி. அங்கோ, காப்பிக் கோப்பைக்குப் பக்கத்தில் ரிவால்வரை வைத்து விலை பேசுகின்றார்கள்!

அதை விற்க வந்தவர் அடுத்த தெருவில் வாழும் எண்பது வயதைக் கடந்த மூதாட்டி. மறைந்த கணவரின் தந்தையார், பசிபிக் கடற்போரிலிருந்து திரும்பியபோது கொண்டுவந்ததாம் அது. பின்னாளில் கணவர் நல்ல கைவினைஞர் ஒருவரிடம் கொடுத்து மெருகேற்றி, நீலச்சாயல் ஊட்டி, தம் கையாலேயே ஒரு வால்நட் மரப்பெட்டியும் செய்து, அதற்குள் வைத்தாராம். கண்ணாடிபோல் மின்னியது. அம்மையார் 900 டாலர் எதிர்பார்த்தார்.

ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் இரண்டாம் உலகப் போரின்போது செய்த 'விக்டரி' வகை அது. 1942 முதல் வரிசை எண்ணின் முன் 'வி' என்னும் எழுத்தைப் பொறித்தார்கள். வெற்றி என்பதற்கான அடையாளம். போர் அவசரத்தில் பளபளப்புக்கு நேரம் ஏது? பாஸ்பேட் ஏற்றிய மங்கிய சாம்பல் நிறமே அவற்றின் இயல்பு. ஆகவே இது மின்னியபோதே பாதி செய்தி தெரிந்துவிட்டது. சுத்தியலும் விசையும்கூட நீலமாக இருந்தன. தொழிற்சாலையில் அவை பல வண்ணம் கலந்த கடினமேற்றிய நிறத்தில் வெளிவருபவை. திருகாணித் துளைகளின் ஓரம் பள்ளமாகத் தேய்ந்திருந்தது. துருவின் சிறு குழிகளுக்குள்ளும் நீலம் படிந்திருந்தது. எழுத்துகளின் முனைகள் மழுங்கியிருந்தன. இவற்றையெல்லாம் அத்தான் காட்டக் காட்ட, என் தந்தையாரின் பட்டறை வாடை என் மூக்கில் ஏறியது.

மறுமெருகு கண்ட துப்பாக்கிக்கு, இயல்பான நிலையில் உள்ளதன் விலையில் ஏறத்தாழப் பாதி என்பது சேகரிப்பாளர் மரபு. பாதி என்பது ஒரு தொடக்கம்தான். அத்தான் குழலை அளந்தார், 5 அங்குலம். "அமெரிக்கக் கடற்படைக்குச் சென்றவை பெரும்பாலும் 4 அங்குலம், தம்பி" என்று தமிழில் முணுமுணுத்தார். பிறகு '38 ஸ்பெஷல்' தோட்டாவின் வெற்று உறை ஒன்றை எடுத்து உருளையின் அறைக்குள் இட்டார். அது தடையின்றி அடிவரை இறங்கியது. அவர் முகம் சுருங்கியது.

காரணத்தைப் பிறகே நான் விளங்கிக்கொண்டேன். பிரிட்டனுக்கும் காமன்வெல்த் நாடுகளுக்கும் சென்றவை சற்றே தடித்த, குட்டையான '38 எஸ் அண்ட் டபிள்யூ' தோட்டாவுக்கு உரியவை. அவ்வகையில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவை கடல் கடந்தன. போருக்குப் பின் அவற்றுள் பல உபரிச் சரக்காக அமெரிக்கா திரும்பின. எளிதில் கிடைக்கும் நீண்ட தோட்டா பொருந்துமாறு அறைகளைக் குடைந்து விற்றார்கள். பின்புறம் அகலமாகவே இருப்பதால் சுடும்போது உறை புடைக்கும். சில வேளை வெடிக்கும். விலை மேலும் சரியும்.

மேற்பகுதியில் 'அமெரிக்க அரசின் உடைமை' என்ற பொறிப்பு இருந்தது. 1941-ஆம் ஆண்டு இரவல் குத்தகைச் சட்டத்தின்படி பிரிட்டனுக்குக் கொடுத்தவற்றிலும் அப்பொறிப்பு உண்டு. அக்குடும்பம் அதைக் கண்டே கதையை நம்பியிருக்க வேண்டும்.

நான் கண்ணாடியை எடுத்துக் குழலின் பக்கவாட்டைப் பார்த்தேன். மெருகினால் பாதி அழிந்த நிலையில் பர்மிங்காம் சோதனைச் சாலையின் முத்திரை தெரிந்தது. அதன் அருகே 'ஆங்கிலேயத் தயாரிப்பு அன்று' என்ற சிற்றெழுத்துகள். பிரிட்டனில் பொதுச்சந்தைக்கு வரும் துப்பாக்கிக்கு இடப்படும் முத்திரைகள் அவை. பசிபிக்கிலிருந்து ஒருவர் பையில் வந்த துப்பாக்கிக்கு அந்த வழி இல்லை.

"இதைச் சொல்ல வேண்டுமா, அத்தான்?" என்றேன்.

"மெருகைச் சொல்கிறேன், அறையைச் சொல்கிறேன். விலைக்கு அவ்வளவு போதும். கதை அவர்களுடையது, அதில் நமக்கு என்ன உரிமை?"

எனக்கு அது சரியாகப் படவில்லை. ஆயினும் விருந்தாளி வாய் திறப்பது முறையன்று என்று அமைந்திருந்தேன். அத்தான் 325 டாலர் என்றார். காரணங்களை ஒன்றுவிடாமல் விளக்கினார். மெருகினால் விலை குறையும் என்று கேட்டதும் அம்மையாருக்கு முகம் வாடியது. கணவர் அதற்கெனப் பணம் சேர்த்ததை இருமுறை சொன்னார். பிறகு அமைதியாக, "கடற்படையில் ஏன் அறையைக் குடைந்தார்கள்?" என்று கேட்டார்.

அத்தானால் பொய் சொல்ல முடியவில்லை. என்னிடமிருந்த கண்ணாடியை வாங்கி அவர் கையில் கொடுத்து, எங்கே பார்க்க வேண்டும் என்று காட்டினார். அம்மையார் சன்னல் ஓரமாகச் சென்று நெடுநேரம் பார்த்தார். "என் கணவருக்கு இது தெரிந்திராது" என்றார். சற்றுக் கழித்து, "மாமனாருக்குத் தெரிந்திருக்கும்" என்றார்.

அத்தான் 400 டாலர் தருவதாகக் கூறினார். நான் உள்ளூர வருந்தினேன். 325 நியாயமென்றால் மேலுள்ள 75 இரக்கம். இரக்கத்தை விலையோடு கலப்பது விற்பவரை இரப்பவராக்கும். என் எண்ணத்தை அறிந்தவர்போல் அம்மையார் தலையசைத்தார். "நீங்கள் முதலில் சொன்னதே இருக்கட்டும்."

அம்மாநிலத்தில் தனியார் கைத்துப்பாக்கி விற்பனை உரிமம் பெற்ற வணிகர் முன்னிலையிலோ, ஷெரீப் அலுவலகத்திலோ நடைபெற வேண்டும். மறுநாள் வணிகரிடம் சென்றோம். படிவம் நிரப்பி, அத்தானின் பின்னணியைச் சோதித்து முடிக்க அரைமணி நேரமாயிற்று. அம்மையார் பணத்தை எண்ணிக் கைப்பையில் வைத்தார். துப்பாக்கியை எடுத்து ஒரு துணியில் சுற்றி அத்தானிடம் கொடுத்தார். மரப்பெட்டியைத் தம்மிடமே வைத்துக்கொண்டார்.