அரை டம்ளர் தண்ணீர்

டி.வி.யில் செரெங்கெட்டி காட்டும்போதெல்லாம் ஒரு தடவையாவது ஆப்பிரிக்கா போகணும் என்பேன். "முதல்ல ஊட்டிக்குப் போய்ட்டு வா" என்பார் என் கணவர். முப்பது வருடம் அவருடைய சுரங்க ஷிஃப்ட்தான் எனக்கும் கடிகாரம். நைட் ஷிஃப்ட் முடித்து அவர் பகலில் தூங்கினால் வீட்டில் மிக்சி ஓடக் கூடாது. அவர் ஓய்வு பெற்று, குவார்ட்டர்ஸைக் காலி செய்து இந்திரா நகருக்கு வந்த பிறகுதான் ஊட்டிக்குப் போனேன். அவர் இல்லாமல்.

நெய்வேலியில் ஒரே வட்டத்தில் குடியிருந்த நாங்கள் நான்கு பெண்கள். ஊட்டியிலிருந்து கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் பஸ்ஸில் இறங்கி மசினகுடியில் தங்கினோம். விடிந்தால் முதுமலையில் வேன் சவாரி.

காலையில் விடுதிக்காரர் கொடுத்த டீயை ஒருவரும் தொடவில்லை. அது புலிகள் காப்பகம், நடுவில் வேனை விட்டு இறங்க முடியாது. நியாயமான விதிதான். ஆனால் சவாரியே ஒரு மணி நேரம்தான். அதற்கு முந்தின இரவு எட்டு மணியிலிருந்தே ஆளுக்கு அரை டம்ளரோடு நிறுத்தியிருந்தோம். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில், பஸ்ஸில், கல்யாண வீட்டில் பழகிய கணக்கு. எங்களில் மூத்த அக்கா போன வருடம்தான் சிறுநீர்த் தொற்றில் காய்ச்சல் கண்டு படுத்து எழுந்தவர். நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லி டாக்டர் எழுதியே கொடுத்திருந்தார். அவரும் அரை டம்ளர்தான். முன் சீட்டு ஆண்கள் பாட்டிலைச் சாய்த்துக் குடித்துக்கொண்டே வந்தார்கள்.

ஆப்பிரிக்கக் காடுகளில் வழிகாட்டி சுற்றிலும் பார்த்துவிட்டு ஜீப்புக்குப் பின்னால் போகச் சொல்வாராம். 'டயரைப் பார்த்துட்டு வரேன்' என்று அதற்குப் பெயர். போய்வந்தவர்கள் எழுதியதில் படித்தேன். பெயர் வைத்தாலே பாதி வெட்கம் போய்விடும் போலிருக்கிறது.

ஒரு திருப்பத்தில் யானைக்கூட்டம். குட்டிகள், அம்மாக்கள், முன்னால் ஒரு கிழவி. கூட்டத்தை நடத்துவது மூத்த பெண்தான். ஆண்கள் வளர்ந்ததும் பிரிந்து போய்விடும். ஒரு யானை நாளைக்கு 100 லிட்டருக்கு மேல் குடிக்கும் என்றார் டிரைவர். அவர் சொல்லி முடிப்பதற்குள் கிழவி நின்ற இடத்திலேயே மண் குழிய, சத்தமாக, நிதானமாகப் பெய்தது. வேன் முழுக்க அமைதி. நான்தான் முதலில் சிரித்தேன்.

"சிரிப்பு மூட்டாதடி, தாங்காது" என்று அக்கா என் தொடையைக் கிள்ளினார்.

தெப்பக்காட்டில் இறங்கியதும் கழிப்பறைக்கு ஓடினோம். சாயங்காலச் சவாரிக்கும் டிக்கெட் எடுத்தோம். ஏறுவதற்கு முன் அக்கா ஒரு பாட்டில் தண்ணீரை நின்றபடியே குடித்து முடித்தார்.

"நடுவுல வந்துட்டா?" என்றேன்.

"வேனைத் திருப்பச் சொல்லுவேன்" என்றார்.