ஜாசினில் முகம் பார்த்த நாள்

வானொலியில் வேலைக்குச் சேர்ந்தபோது முகத்தைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. குரல் நன்றாக இருந்தால் போதும். தலை கலைந்திருந்தாலும் நேயருக்குத் தெரியவா போகிறது? பிறகு ஒலிபரப்பு அறைக்குள்ளும் கேமரா வந்துவிட்டது. நாங்கள் பேசுவதை மக்கள் நேரலையில் பார்க்கத் தொடங்கினார்கள். "அறிவிப்பாளரே, அந்தக் கண்ணாடி உங்களுக்கு எடுப்பாக இல்லை" என்று எழுதியும் அனுப்பினார்கள். வட்ட முகம், நீள முகம், சதுர முகம் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். என்னுடையது வட்டம்.

இந்தப் படிப்பு குடும்பத்திலும் பரவிவிட்டது. திருமணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஜாசினிலிருந்து அத்தை மகள் அழைத்தாள்.

"அக்கா, ஒருநாள் வந்துட்டுப் போங்க. எனக்கு அலங்காரம், தம்பிக்கு முடி, அம்மாவுக்குக் கண்ணாடி. மூணும் முகத்துக்குத் தகுந்த மாதிரி பார்த்துச் சொல்லணும். அம்மா எந்தப் படத்துல பார்த்தாலும் முறைச்சுக்கிட்டே நிக்கிறாங்க. நிச்சயதார்த்தப் படத்தைப் பார்த்துட்டு மாப்பிள்ளை வீட்டுல, 'உங்கம்மாவுக்கு இந்தக் கல்யாணத்துல இஷ்டம் இல்லையா'ன்னே கேட்டுட்டாங்க."

இது அழகுப் பிரச்சினை அல்ல என்று எனக்குப் பட்டது. சனிக்கிழமை விடியற்காலையில் கோலாலம்பூரிலிருந்து கிளம்பினேன்.

வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் ஜாசின் சாவடியில் இறங்கியதும் சாலையின் இருபுறமும் செம்பனை வந்துவிடுகிறது. மலாக்கா என்றாலே சிவப்புக் கட்டடமும் ஜோங்கர் தெருவும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். சுற்றுப்பயணிகள் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். நம் தோட்டத்து மக்களின் மலாக்கா இந்தப் பக்கம் இருக்கிறது. ஜாசின், பெம்பான், மெர்லிமாவ், அசகான் என்று சின்னச் சின்ன ஊர்கள். ஒரு கோப்பிக்கடை, ஒரு மளிகைக்கடை, ஒரு கோயில், ஒரு முடிவெட்டும் கடை.

முதல் வேலை முடிவெட்டும் கடையில். தம்பிக்கு நீள முகம். பக்கவாட்டில் மழித்ததுபோல் ஒட்ட வெட்டி, உச்சியில் மட்டும் உயரமாக நிறுத்த வேண்டும் என்று கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினான். கடைக்காரர் படத்தைப் பார்த்தார், அவனைப் பார்த்தார்.

"தம்பி, இவன் முகம் வட்டம். அவனுக்கு உயரம் வேணும். உனக்கு இருக்கிற உயரம் போதும்."

பக்கத்தில் கொஞ்சம் முடியை விட்டு, உச்சியில் குறைத்தார். தாடியையும் அப்படியே செய்தார். முகவாய்க்குக் கீழே ஒட்ட வெட்டி, கன்னத்தின் ஓரம் அடர்த்தியாக விட்டார். வெட்டுவதற்கு முன் பின்னந்தலையில் சுழி எங்கே இருக்கிறது என்று விரலால் தேடிப் பார்த்தார். சுழிக்கு எதிராக வாரினால் எந்த வெட்டும் ஒரே நாளில் கலைந்துவிடுமாம்.

கடையில் மூன்று நாற்காலிகள், ஒரே ஆள். நம் நாட்டில் இந்தியர் முடிதிருத்தும் கடைகள் பலவற்றின் கதை இதுதான். வெளிநாட்டு முடிதிருத்துநர்களை வேலைக்கு எடுப்பது 2009-இல் முடக்கப்பட்டது. முடிதிருத்தும் கடை, ஜவுளிக்கடை, நகைத்தொழில் ஆகிய மூன்று துறைகளுக்கும் சேர்த்து 7,500 பேரை எடுக்க 2023-இல்தான் அரசாங்கம் இணங்கியது. இடைப்பட்ட ஆண்டுகளில் நம் பிள்ளைகள் இந்தத் தொழிலுக்குப் பெரிதாக வரவில்லை. முகத்தைப் பார்த்து, "இது உனக்கு வேண்டாம்" என்று சொல்லும் இப்படி ஒரு கடைக்காரர் உங்கள் ஊரில் இருந்தால் அவரை விட்டுவிடாதீர்கள்.

அடுத்து மெர்லிமாவ். மணப்பெண் அலங்கார ஒத்திகை ஒரு தாமான் வீட்டின் முன்னறையில். அலங்காரம் செய்பவரும் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்தான். தையல்காரர் வைத்திருக்கும் அளவு நாடாவை எடுத்து, அத்தை மகளின் முகத்தில் நான்கு அளவு எடுத்தார். நெற்றியின் அகலம், கன்ன எலும்புகளின் அகலம், தாடையின் அகலம், முடி தொடங்கும் இடத்திலிருந்து முகவாய் வரை நீளம்.

இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். நீளமும் கன்னத்தின் அகலமும் ஏறக்குறைய ஒன்றாக இருந்து, தாடை வளைவாக இருந்தால் வட்ட முகம். அதே அளவுகளோடு தாடை கோணமாக இருந்தால் சதுரம். அகலத்தைவிட நீளம் மிகவும் கூடினால் நீள முகம். நீளம் அகலத்தைப் போல் ஒன்றரை மடங்கு இருந்து, ஓரங்கள் மெல்ல வளைந்தால் முட்டை வடிவம். நெற்றி அகன்று முகவாய் குறுகினால் படிப்பவர்கள் இதய வடிவம் என்பார்கள்.

"நான் வெத்தலை முகம்னுதான் சொல்வேன்" என்றார் அவர்.

அத்தை மகளுக்கு அந்த வெற்றிலை முகம். அகன்ற நெற்றியின் மேல் முடியைப் பின்னுக்கு இழுத்து வாரினால் நெற்றி இன்னும் பெரிதாகத் தெரியும். அதனால் வகிட்டின் இருபுறமும் லேசாகச் சுருளவிட்டு, பக்கச் சரம் உள்ள நெற்றிச்சுட்டியைப் பொருத்தினார். காதில் கீழே விரியும் ஜிமிக்கி, குறுகிய தாடைக்குப் பக்கத்தில் இடத்தை நிரப்பியது. பொட்டுக்கும் கணக்கு உண்டு. வட்ட முகத்துக்கு நீளப் பொட்டு, நீள முகத்துக்கு வட்டப் பொட்டு, நெற்றி சிறியதென்றால் புருவங்களுக்கு நடுவே சின்னதாக ஒன்று. நம் பாட்டிகள் அளவு நாடா இல்லாமலே செய்த வேலை இது. ஒட்டுப் பொட்டு வைத்த இடத்தில் அரிப்போ வெளுப்போ கண்டால் உடனே நிறுத்திவிட வேண்டும். சில பசைகளில் உள்ள வேதிப்பொருள் தோலின் நிறத்தையே போக்கிவிடும்.

முகப்பூச்சை அவர் கையில் தடவிப் பார்க்கவில்லை. தாடையோரத்தில் கோடு போல இழுத்து, வாசலுக்கு அழைத்துப்போய் வெயிலில் பார்த்தார். கழுத்தோடு கலந்து மறைகிற நிறம்தான் சரியான நிறம். ஒரு படி வெளுப்பாகப் போட்டால் மாநிற முகம் சாம்பல் பூத்ததுபோல் ஆகிவிடும். கேமரா வெளிச்சத்தில் அது இரண்டு மடங்காகத் தெரியும்.

அப்போது அத்தை மகள் கைப்பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தாள். இரண்டு வாரத்தில் முகம் வெளுக்கும் என்று இணையத்தில் வாங்கியதாம். அலங்காரம் செய்பவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நம் நாட்டில் விற்கும் அழகுப் பொருள்களை, சுகாதார அமைச்சின் கீழுள்ள தேசிய மருந்தக ஒழுங்குமுறைப் பிரிவிடம் அறிவித்து எண் பெற வேண்டும். என், ஓ, டி என்ற மூன்று எழுத்துகளில் அந்த எண் தொடங்கும். டப்பாவில் எண்ணே இல்லை. இப்படிப்பட்ட கிரீம்களில் பாதரசமும் ஹைட்ரோகுயினோனும் டிரெட்டினோயினும் இருப்பதை அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

"மாப்பிள்ளை உன்னை இந்த நிறத்துலதானே பார்த்துச் சம்மதிச்சாரு?" என்று கேட்டுவிட்டு, டப்பாவைக் குப்பைத்தொட்டியில் போட்டார். அத்தை மகள் பேசவில்லை. ஆனால் எடுக்கவும் இல்லை.

இவ்வளவு நேரமும் அத்தை ஓரத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தலையை நிமிர்த்தி, முகவாயைத் தூக்கி, மூக்கின் கீழ்வழியாக எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்தால் முறைப்பது போலத்தான் இருந்தது.

கண்ணாடிக்கடைக்குப் போவதற்குமுன் அசகானில் சொந்தக்காரர்களுக்கு அழைப்பிதழ் கொடுக்க வேண்டும் என்றார். அசகானை நெருங்கும்போது லேடாங் மலை எதிரே எழுந்து நிற்கிறது. 1,276 மீட்டர் உயரம். அந்தப் பக்கம் ஜொகூர். மலாயாவில் ரப்பர் வணிகப் பயிரான கதையில் இந்த ஊருக்கும் இடம் உண்டு. 1896-இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் 40 ஏக்கரில் ரப்பர் நட்ட டான் சாய் யான், பிறகு பெரிய தோட்டம் போட்டது புக்கிட் அசகானில்தான். அந்த மரங்களை நம்பிக் கப்பலேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான் நாங்கள்.

அத்தை 15 வயதில் மரம் வெட்டப் போனவர். முப்பது ஆண்டுகள். பின்னர் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயத்து வீடும் போனது. தாமானில் சின்ன வீடு வாங்கிக் குடிவந்தார்கள். இப்போது அவருக்கு 62 வயது. காரில் போகும்போது அவர் நெற்றியோரங்களைக் கவனித்தேன். இரண்டு பக்கமும் முடி ஏறிப்போயிருந்தது. முடியை நாள்தோறும் இறுக்கிக் கட்டினால் வேர் இழுபட்டு ஓரத்தில் கொட்டும் என்று படித்திருக்கிறேன். அத்தை முப்பது ஆண்டுகள் கொண்டையை இறுக்கி, அதன்மேல் துண்டைக் கட்டி, அதன்மேல் விளக்கின் வாரையும் மாட்டியவர்.

"வேலைக்குப் போறப்ப கண்ணாடி பார்ப்பீங்களா அத்தே?"

"விடியறதுக்கு முன்ன கண்ணாடியில என்ன தெரியும்? நெத்தியில வெளக்கு இருக்கும். அது மரத்துக்கு வெளிச்சம். என் மூஞ்சிக்கு ஏது?"

அவர் முதன்முதலாகப் படம் எடுத்துக்கொண்டது 12 வயதில், அடையாள அட்டைக்காக. நம் நாட்டில் அடையாள அட்டை 1948-இல், அவசரகாலத்தில் வந்தது. 12 வயதானவர்கள் எல்லாரும் பதிய வேண்டும். தோட்டத்தில் எத்தனையோ பேருக்கு அதுதான் முதல் படம். "தலையை நிமித்து, ஆடாதேன்னு சொன்னான். நானும் ஆடல" என்றார் அத்தை. அழகாக இருக்க வேண்டும் என்று அன்று யாரும் கேட்கவில்லை. ஆள் இன்னார் என்று தெரிந்தால் போதும்.

ஜாசினுக்குத் திரும்பிக் கண்ணாடிக்கடைக்குப் போனபோது மாலை நான்கு மணி. கடையில் இருந்த சீனப் பெண் அத்தையோடு மலாயில் பேசினார். முதலில் அத்தையின் கண்ணாடியைக் கழற்றி வாங்கி, காது வைக்கும் காம்பின் உட்புறத்தைப் பார்த்தார். அங்கே சின்னதாக மூன்று எண்கள் இருக்கும். இவ்வளவு நாளாகக் கண்ணாடி போடும் நான் அதைப் பார்த்ததே இல்லை. முதல் எண் ஒரு பக்கக் கண்ணாடியின் அகலம், இரண்டாவது மூக்கின்மேல் அமரும் பாலத்தின் அகலம், மூன்றாவது காம்பின் நீளம். எல்லாம் மில்லிமீட்டரில். அத்தையின் கண்ணாடியில் 56, 20, 145 என்றிருந்தது.

"இது ஆண்களுக்கான அளவு. யாருடையது?" என்று கேட்டார்.

அத்தை கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எங்க வீட்டுக்காரரோடது" என்றார். மாமா இறந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. சட்டத்தை வீணாக்க வேண்டாம் என்று, தனக்கேற்ற கண்ணாடியை அதில் மாட்டிப் போட்டுக்கொண்டிருக்கிறார்.

அகன்ற முகம் உள்ள மனிதரின் சட்டம், ஒடுங்கிய முகமும் தாழ்ந்த மூக்குத்தண்டும் உள்ள அத்தைக்கு எப்படி நிற்கும்? நழுவி நழுவிக் கீழே வரும். நழுவிய கண்ணாடி வழியாகப் பார்க்க, அத்தை தலையைப் பின்னுக்குச் சாய்த்து முகவாயைத் தூக்கிக்கொள்கிறார். நான்கு ஆண்டுகளாக நாங்கள் முறைப்பு என்று நினைத்தது இதைத்தான்.

கண் பரிசோதனை முடிந்து, கடைக்காரர் 48, 17, 135 அளவில் ஒரு பழுப்புச் சட்டத்தை எடுத்தார். மூக்குத்தாங்கியை வளைத்துச் சரிசெய்யலாம். கண்மணி, கண்ணாடியின் நடுப்பகுதிக்கு அருகே வந்து நின்றது. மேல்விளிம்பு புருவத்தின் கோட்டோடு போனது. ஓரம் கன்னத்தைத் தாண்டி வெளியே நீட்டவில்லை. தூரமும் கிட்டமும் ஒரே கண்ணாடியில் தெரிய வேண்டுமென்றால் சட்டத்தின் உயரம் குறைவாக இருக்கக்கூடாது என்பதால் மெல்லிய பட்டைக் கண்ணாடிகளை ஒதுக்கிவிட்டார். நீள முகத்துக்கும் அந்த உயரம் பொருந்தியது. முக வடிவம் பற்றி நான் படித்துவைத்திருந்ததெல்லாம் இந்த அளவுகளுக்குப் பிறகுதான் வருகிறது. மூக்கில் நிற்காத கண்ணாடி எந்த வடிவ முகத்துக்கும் அழகு தராது.

எழுத்து தெரிகிறதா என்று பார்க்க, பரிசோதனைச் சட்டத்தை மாட்டி எதையாவது படிக்கச் சொன்னார்கள். அத்தை கைப்பையிலிருந்து மீந்திருந்த அழைப்பிதழை எடுத்தார். விரலை வைத்து மெதுவாகப் படித்துக்கொண்டே வந்தவர், மணமகளின் தந்தை பெயரில் நின்றுவிட்டார்.

"அமரர்னு சரியா போட்டிருக்கான். உங்க மாமா பேருலதான் ஒரு புள்ளியை விட்டுட்டான்."

பார்த்தோம். உண்மைதான். வீட்டில் அத்தனை பேர் பார்த்தும் யார் கண்ணிலும் படவில்லை. அத்தை பேனா கேட்டு வாங்கினார். கடை மேசையில் வைத்து, மீதியிருந்த ஒவ்வோர் அழைப்பிதழிலும் மாமாவின் பெயருக்கு மேல் புள்ளி வைத்தார். கடைக்காரர் பரிசோதனைச் சட்டத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. காத்திருந்தார்.

திருமணப் படங்கள் போன வாரம் வந்தன. தம்பியின் முகம் அகலமாகவும் தெளிவாகவும் இருக்கிறது. மணப்பெண் தன் நிறத்திலேயே இருக்கிறாள். அத்தை முகவாயை இறக்கி, கேமராவை நேராகப் பார்க்கிறார். மாமாவின் கண்ணாடி மட்டும் வீட்டில் அவருடைய படத்துக்குக் கீழே இருக்கிறது. அவர் முகத்துக்கு வாங்கியது அது.